ஸ்டாலில் யாரை நிறுத்துவது: ஒரு பம்பு கம்பெனியின் இரண்டு ஜூலை மாதங்கள்

கோவையில் பம்பு செய்கிறவர்களுக்குக் கண்காட்சி புதிதல்ல. அவிநாசி ரோட்டில் கொடிசியா வளாகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கண்காட்சியின் பேனர் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் ஜூலையில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் என்ற விவசாயக் கண்காட்சி எங்கள் தொழிலுக்கு முக்கியமானது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்கிற ஊரில், ஆடிக்கு ஒட்டி வருகிற கண்காட்சி அது. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கயம், கோபி, அந்தியூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் தோட்டத்துக்காரர்கள் வருவார்கள். கோடையில் போர் (ஆழ்துளைக் கிணறு) காலை வாரிவிட்டவர், மோட்டார் எரிந்தவர், புதிதாகத் தென்னை வைக்கப் போகிறவர் என எல்லோரும் ஏதோ ஒரு கேள்வியோடுதான் வருவார்கள்.

நான் வேலை செய்வது கணபதிப் பக்கம் இருக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி. தண்ணீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள், மேலே வைத்து ஓட்டும் மோனோபிளாக் என இரண்டு வகைப் பம்பும் செய்கிறோம். விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இங்கே எழுதும் இரண்டு ஆண்டுகளிலும் ஸ்டால் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. முதல் ஆண்டு நடந்த தவறுகள் என் முடிவால் நடந்தவை.

முதல் ஜூலை

ஆறுக்கு மூன்று மீட்டரில் இடம் எடுத்திருந்தோம். வாடகை, மர வேலை, விளக்கு, பெரிய திரை, சுற்றிலும் படம் எனப் பணம் கணிசமாகப் போனது. நாலு மாதம் நாங்கள் பேசியதெல்லாம் வடிவமைப்பைப் பற்றித்தான். ஸ்டாலில் யார் நிற்பது என்ற கேள்வி வந்தபோது கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்த வாரம் லைனுக்கு, அதாவது வெளியூர் விற்பனைக்கு, போகாத மூன்று பேரை விற்பனைப் பிரிவிலிருந்து எடுத்தேன். வரவேற்புக்கென்று வெளியிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்களை ஏற்பாடு செய்தோம். எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்போதுதான் கம்பெனிக்கு வந்திருந்த முதலாளியின் தங்கை மகனும் சேர்ந்துகொண்டார். முதல் நாள் காலையில் எல்லோருக்கும் டீ-ஷர்ட் கொடுத்து, "சிரிச்ச முகமா இருங்க, வர்றவங்களுக்கு நோட்டீஸ் குடுங்க, போன் நம்பர் வாங்கிக்குங்க" என்று சொன்னேன். நாங்கள் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை பதினொன்றரை இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எழுபதை ஒட்டிய வயது, காங்கயம் பக்கம் என்று அப்புறம் தெரிந்தது. ஒரு பெரியவர் எங்கள் கட் மாடலுக்கு முன்னால் வந்து நின்றார். பம்பைப் பாதியாக அறுத்து உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வைத்திருப்போமே, அதுதான். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளை ஒவ்வொரு ஸ்டேஜாகத் தொட்டு எண்ணினார். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவேற்புக்கு நின்ற பெண், "வெல்கம் சார்" என்று நோட்டீசை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

"அம்மிணி, இது நானூறு அடியில எத்தன இஞ்சு தண்ணி தள்ளும்?"

அந்தப் பெண் எம்.பி.ஏ. தம்பியைப் பார்த்தார். தம்பி விலைப்பட்டியலைப் புரட்டி, "நூத்தி இருவது மீட்டர்ல நிமிஷத்துக்கு நூத்தி இருவது லிட்டருங்க சார்" என்றார். பதில் சரிதான். ஆனால் நம் ஊரில் தண்ணீரை லிட்டரில் யார் கேட்கிறார்கள்? எவ்வளவு கொட்டுகிறது என்பதை இஞ்சுக் கணக்கில்தான் பேசுவார்கள். பெரியவர் மறுபடியும், "இஞ்சுல சொல்லு தம்பி" என்றார். தம்பிக்குத் தெரியவில்லை. "சரிங் தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர் ஸ்டாலுக்குப் போய்விட்டார். அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பெண்ணையோ தம்பியையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதைத்தான் இரண்டு பேரும் செய்தார்கள்.

ஐந்து நாளில் நோட்டீஸ் எல்லாம் தீர்ந்தது, சாக்லெட் தீர்ந்தது. நோட்டில் அறுநூறுக்குப் பக்கமாகப் பேரும் போன் நம்பரும் இருந்தன, வேறு ஒரு விவரமும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தால், "எந்தக் கம்பெனிங்க? நம்பர் கேட்டாங்க, குடுத்தனுங்க" என்றார்கள் பாதிப் பேர். அதில் விற்ற மோட்டாரைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அடுத்த முறை என்ன மாற்றினோம்

மறு ஆண்டு ஜனவரியில் இடத்துக்கு முன்பணம் கட்டிய அன்றே ஆள் விஷயத்தையும் எடுத்தோம். எத்தனை பேர் என்பது முதல் கணக்கு. ஸ்டாலில் நடமாடக் கிடைக்கிற இடத்தில் 50 சதுர அடிக்கு ஒருவர் என்பது கண்காட்சித் தொழிலில் பழகிவந்த கணக்கு. எங்கள் இடம் 190 சதுர அடியைச் சொச்சம் தாண்டும். பம்பும் மேசையும் தண்ணீர்த் தொட்டியும் போக மீதி 140 தேறும். அப்படியானால் ஒரு நேரத்தில் மூன்று பேர் போதும். முதல் ஆண்டு ஆறு பேர் ஒரே நிற டீ-ஷர்ட்டில் வரிசையாக நின்றதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. ஊரிலிருந்து மனைவியோடு வருகிறவர் அந்த வரிசையைத் தாண்டி உள்ளே கால் வைக்கத் தயங்கத்தான் செய்வார். மும்மூன்று பேராக இரண்டு ஷிப்ட், என்னைச் சேர்த்து ஏழு பேர் என்று முடிவானது.

அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுத்ததுதான் பெரிய வேலை. பிரிவுத் தலைவர்களிடம் "ஆள் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டால் யார் இல்லாவிட்டாலும் வேலை நிற்காதோ அவரைத்தான் அனுப்புவார்கள். அது அவர்கள் குற்றமில்லை, அவர்களுக்கு உற்பத்தி நிற்கக் கூடாது. அதனால் ஒரு மாதம் நானே சுற்றிப் பார்த்தேன். போனில் வாடிக்கையாளர் யாரைக் கேட்டு வாங்கிப் பேசுகிறார், சர்வீஸ் கவுண்டரில் யாரிடம் ஆள் நிற்கிறது, கேன்டீனில் யார் பேச்சைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள் என்று கவனித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் மனதில் பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஒருத்தர் வந்து 10 ஹெச்.பி. மோட்டார் வேணுங்கறார். நீங்க என்ன சொல்லுவீங்க?"

பெரும்பாலானவர்கள் மாடல் பேரும் விலையும் சொன்னார்கள். சிலர் கேரண்டியைச் சொன்னார்கள். கொஞ்சம் பேர்தான் திருப்பிக் கேட்டார்கள்: "எதுக்குங்க 10? போர் எத்தனை அடி?" அப்படித் திருப்பிக் கேட்டவர்களைத்தான் எடுத்தேன். விவசாயிக்கு வேண்டிய மோட்டாரை அவர் வாயிலிருந்து நேராகத் தெரிந்துகொள்ள முடியாது. போரின் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், போருக்குள் இறக்கிய கேசிங் குழாயின் அளவு, மும்முனை மின்சாரமா ஒருமுனையா, வாய்க்கால் பாசனமா சொட்டு நீரா என்று கேட்டுக் கேட்டுத்தான் அங்கே போய்ச் சேர முடியும். கேட்கத் தெரிந்தவருக்கு மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கேட்கும் பழக்கத்தை நாலு வாரத்தில் உண்டாக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போர் மேட்டில் நின்ற சர்வீஸ் அண்ணன். பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் இருக்கும் டிப்ளமோ படித்த தங்கச்சி. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்ஷனில் அன்னூரிலிருந்து வரும் அக்கா, அவர் வீட்டிலேயே மூன்று ஏக்கர் தோட்டம் உண்டு. டெஸ்பாட்சில் தாளவாடித் தம்பி. தாளவாடி ஈரோடு மாவட்டம்தான் என்றாலும் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், திம்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அவர் வேண்டும் என்று நினைத்தேன். அசெம்பிளியில் பீகாரிலிருந்து வந்து ஆறு வருடமாக இருக்கும் தம்பி, இந்திக்காக. அப்புறம் அதே எம்.பி.ஏ. தம்பி. அவர் தானாக வந்து கேட்டார். காங்கயம் பெரியவர் போனது அவருக்கும் உறுத்தியிருக்கிறது. ஜனவரியிலிருந்தே வாரம் ஒரு நாள் சர்வீஸ் அண்ணனோடு வண்டியில் போய்வந்தார்.

எடுக்காமல் விட்டவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் ஆர்டர் அதிகம் கொண்டுவருகிற விற்பனையாளர் அவர். பேச்சில் மன்னர். ஆனால் அவர் பழகியது டீலர்களோடு. கடன், ஸ்கீம், டிஸ்கவுண்ட் என்றுதான் அவர் வாய் போகும். ஸ்டாலில் நின்றால் கண் டீலரைத் தேடும், தோட்டத்துக்காரர் கண்ணில் படமாட்டார். சொன்னபோது ரொம்பக் கோபப்பட்டார். "பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன நிறுத்திட்டு வைண்டிங் அக்காவ நிறுத்தறீங்களா?" என்றார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீலர்களை நேரம் சொல்லி வரவழைத்துப் பேசும் வேலையை, ஸ்டாலுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு, அவரிடமே கொடுத்தோம். அந்த வேலையை அவரைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது. ஆனாலும் வருத்தம் முழுக்கப் போனது என்று சொல்ல மாட்டேன்.

பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நேரில் போனேன். அன்னூர் அக்காவின் மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார்: "பொழுதோட ஊட்டுக்கு வந்துருவாளா?" ஏழு மணிக்குள் கம்பெனி வேன் வாசலில் கொண்டுவந்து விடும் என்று சொன்னோம், ஐந்து நாளும் அப்படியே செய்தோம்.

சாக்பீஸ் ஸ்டால்

நாலு சனிக்கிழமை, நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை பயிற்சி. பேக்டரிக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் ஆறுக்கு மூன்று மீட்டர் சாக்பீசால் கோடு போட்டு, கட் மாடலை நடுவில் வைத்தோம். மற்றவர்கள் வருகிறவர்களாக நடித்தார்கள். கேன்டீன் அக்கா பை கேட்டு வருகிறவராக நடித்தார். எங்கள் வாட்ச்மேன் ஐயா சூலூர்ப் பக்கம் பண்ணயம் பார்த்தவர், அவர் நடிக்கவே இல்லை. தன் போரைப் பற்றியே கேட்டார், அத்தனை பேரும் திணறினார்கள்.

முதல் சனிக்கிழமை முழுக்க முதல் வார்த்தைக்கே போய்விட்டது. "வாங்க, என்ன வேணுங்க?" என்று கேட்டால் "சும்மா பாக்கறனுங்க" என்று பதில் வருகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "எங்க பம்ப பத்தித் தெரியுமுங்களா?" என்றால் வந்தவர் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறார். பலவிதமாகச் சொல்லிப் பார்த்து வைண்டிங் அக்கா சொன்னதுதான் நின்றது: "வாங்கண்ணா, தோட்டம் எந்தப் பக்கமுங்க?" ஊரைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. ஊர் தெரிந்ததும் அடுத்தது, "கெணறுங்களா, போருங்களா?" இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு அவரே பேச ஆரம்பித்துவிடுவார். இது ஏதோ உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவரை நாம் அப்படித்தானே விசாரிக்கிறோம்.

இரண்டாவது சனிக்கிழமை கணக்கு. டெஸ்ட் பெட் தங்கச்சி பொறுப்பு எடுத்துக்கொண்டார். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி 75-ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்கத் தேவையான ஹெச்.பி. வரும். நிமிடத்துக்கு 120 லிட்டர் என்றால் நொடிக்கு 2. நானூறு அடி ஏறக்குறைய 120 மீட்டர். 240-ஐ 75-ஆல் வகுத்தால் 3.2. பம்புக்குக் கொடுக்கிற சக்தியில் பாதிதான் தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்று வைத்தால் 6.4 ஆகிறது. அதனால் ஏழரை ஹெச்.பி. என்று போர்டில் எழுதிக் காட்டினார். காரணம் தெரிந்துவிட்டதால் அதற்குப் பிறகு யாரும் மாடல் நம்பரை மனப்பாடம் செய்யவில்லை. அப்புறம் அவர் செய்ததுதான் பெரிய காரியம். டெஸ்ட் பெட்டில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் திறந்துவிட்டு, சர்வீஸ் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி, "இது ஒரு இஞ்சுத் தண்ணிங்களாண்ணா? இது ஒண்ணரைங்களா?" என்று கேட்டுக் கேட்டு, மீட்டர் காட்டியதைக் குறித்துக்கொண்டார். ஊர் பேசும் இஞ்சுக்கும் விலைப்பட்டியலின் லிட்டருக்கும் ஒரு அட்டவணை கையால் எழுதித் தயாரானது. காங்கயம் பெரியவருக்கான பதில் ஒரு வருடம் கழித்துக் கிடைத்தது.

தெரியாத கேள்விக்கு என்ன சொல்வது என்பதையும் பழகினோம். சமாளிக்கக் கூடாது. சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் கேள்வியை வந்தவர் முன்னாலேயே எழுதி, எந்தத் தேதிக்குள் கூப்பிடுவோம் என்று சொல்ல வேண்டும். இதற்கு மனம் பழகச் சிரமப்பட்டவர் சர்வீஸ் அண்ணன்தான். அவருக்குத் தெரியாதது குறைவு, அதனால் தெரியாது என்று சொல்வது பெரிய விஷயம். இன்னொரு சிக்கலும் அவரிடம் இருந்தது. மற்ற கம்பெனி மோட்டாரின் குறைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அத்தனையும் அவர் கையால் பிரித்துப் பார்த்தவை. ஆனாலும் அதைச் சொல்வதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டோம். பேச ஆரம்பித்தால் ஒருவரிடமே முக்கால் மணி நேரம் போய்விடும் என்பதற்கும் ஒரு வழி செய்தோம். எம்.பி.ஏ. தம்பி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், வேறு ஆள் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

செல்போன் பெட்டிக்குள். சாப்பாடு ஸ்டாலுக்கு வெளியே. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட். வைண்டிங்கில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக் கான்கிரீட் தரையில் நிற்பது லேசான காரியமல்ல, அதனால் எல்லோருக்கும் நல்ல ஷூ வாங்கினோம். ஓவர்டைம் உண்டு. இத்தனை நம்பர் வாங்க வேண்டும் என்ற இலக்கு மட்டும் யாருக்கும் வைக்கவில்லை.

இரண்டாம் ஜூலை

சனிக்கிழமை மதியம். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்னூர் அக்கா "தோட்டம் எந்தப் பக்கமுங்க" என்றதும் அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளையாளு யாரும் இல்லீங்களா அம்மிணி?"

"இருக்காங்ண்ணா, அவரு இன்னொருத்தருகிட்ட பேசிட்டிருக்காரு. அதுவரைக்கும் உங்க போரு எத்தன அடின்னு மட்டும் சொல்லுங்க, நான் குறிச்சு வெக்கறேன்."

"எண்ணூறு. பத்து ஹெச்.பி. வேணும். பக்கத்துத் தோட்டத்துல பத்துதான் போட்டிருக்காங்க."

"இப்ப என்ன ஓடுதுங்க?"

"ஏழரை."

"எத்தன நேரம் ஓடும், தண்ணி விட்டு விட்டு வர்றதுக்குள்ள?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முக்கா மணி நேரம்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணா, அப்ப போருல ஊறற தண்ணிய விட உங்க ஏழரையே வேகமா உறிஞ்சுது. பத்துப் போட்டா அர மணி நேரத்துல காத்து வாங்கும். மோட்டாரு உள்ள இருக்கற பேரிங்கு தண்ணியிலதான் ஓடுது, தண்ணி இல்லாம ஓடுனா முதல்ல அதுதான் போகும். எங்க ஊட்டுலயே அப்படி ஒருக்கா எரிஞ்சுதுங்க. அதே ஆழத்துக்கு, தண்ணி கம்மியா தள்ளற பம்ப போட்டு மூணு மணி நேரம் ஓட்டுங்க. கரண்டு வர்றப்ப தானா ஓடற மாதிரி ஆட்டோ ஸ்டார்ட்டர்ல விட்டிருக்கீங்களா? அப்படீன்னா தண்ணி இல்லாம ஓடுனா நிறுத்தற ட்ரை ரன் பேனலு இல்லாம விடாதீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சர்வீஸ் அண்ணன் பேச்சை முடித்துவிட்டு வந்தபோது, "நீங்க பாருங்க சாமி, நான் அம்மிணிகிட்டயே கேட்டுக்கறேன்" என்றார். அன்று அவர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அக்கா குறித்து வைத்த சீட்டில் அவர் போரின் முழு விவரமும் இருந்தது.

எல்லாம் சரியாக நடந்ததாகச் சொன்னால் பொய். ஞாயிறு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூட்டம் தாங்கவில்லை. அந்த நேரத்துச் சீட்டுகளில் பேர் மட்டும்தான் இருக்கிறது, முதல் ஆண்டு மாதிரியே. நாலாம் நாள் சர்வீஸ் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, மாற்றுக்கு ஆள் வைத்திருக்கவில்லை. எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது திங்கட்கிழமை நடந்தது. சத்தீஸ்கரிலிருந்து ஒரு டீலர் வந்தார். பீகார்த் தம்பி இந்தியில் அருமையாகப் பேசி, என்ன மண், எத்தனை ஆழம், மாதம் எத்தனை பம்பு விற்கும் என்றெல்லாம் கேட்டு வைத்திருந்தார். விலை கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. நான் சாப்பிடப் போயிருந்தேன், டீலர் மேசையில் இருந்த விற்பனையாளரும் அப்போது வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் இருபது நிமிடம் காத்திருந்து கார்டு கொடுத்துவிட்டுப் போனார், பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கேட்கப் பழக்கிய நாங்கள் பதில் சொல்லும் உரிமையைக் கொடுக்கவில்லை. அடுத்த முறை எந்த அளவுக்கு விலை பேசலாம் என்பது ஏழு பேர் கையிலும் எழுதிக் கொடுக்கப்படும்.

தினமும் மாலையில் வேன் கிளம்பும் முன் இருபது நிமிடம் சீட்டுகளைப் பிரித்தோம். உடனே தேவைப்படுகிறவர், அறுவடைக்குப் பிறகு வாங்குகிறவர், விசாரித்தவர் என்று மூன்று கட்டு. ஸ்டாலில் யார் பேசினாரோ அவரே ஒரு வாரத்துக்குள் போனிலும் கூப்பிட வேண்டும் என்று வைத்தோம். இதற்காக வைண்டிங் செக்ஷனிலிருந்து தினம் ஒரு மணி நேரம் அக்காவை விடுவிக்கச் சூப்பர்வைசரோடு போராட வேண்டியிருந்தது. சீட்டு மொத்தம் இருநூற்று நாற்பதுதான், முதல் ஆண்டு நம்பரில் பாதிகூட இல்லை. ஆனால் கூப்பிட்டபோது "எந்தக் கம்பெனி" என்று கேட்டவர் அபூர்வம். விற்பனை முதல் ஆண்டைவிடப் பல மடங்கு. முழுவதும் ஆள் மாற்றத்தால் வந்தது என்று சொல்ல நான் தயாரில்லை, அந்த ஆண்டு கோடையும் கடுமை. தாராபுரத்துக்காரர் புரட்டாசியில் வந்து ஐந்து ஹெச்.பி. வாங்கிப் போனார், பேனலோடு.

சிவப்பு நோட்டில் பதினோரு கேள்விகள் சேர்ந்திருந்தன. ஏழுக்குச் சொன்ன தேதிக்குள் பதில் சொல்லிவிட்டோம். மீதி நாலும் ஒரே விஷயம்: நாலரை இஞ்சு போரில், பகலில் சோலாரிலும் இரவில் மின்சாரத்திலும் ஓடுகிற மாதிரி ஒரே மோட்டார் உங்களிடம் உண்டா என்று நாலு ஊர்க்காரர்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நோட்டு இப்போது டிசைன் பிரிவு மேசையில் இருக்கிறது. டெஸ்ட் பெட் தங்கச்சி வாரம் ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வருகிறார்.